பழைய லாரி ஹீட்டரில் கரண்ட் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம். இங்கே நமக்கு நடுக்குளிரும் அப்போதுதான். டர்பன் கடலோரத்தில் ஒரு ஸ்வெட்டரோடு சமாளித்துவிடலாம், ஆனால் சுமை ஏற்றிக்கொண்டு N3 நெடுஞ்சாலையில் ஜோஹன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு மூயி ரிவர் தாண்டும்போதே கால் விரல் விறைக்க ஆரம்பித்துவிடும். அதே வழியில் வரும் வான் ரீனன் கணவாய் 1,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டி நெடுஞ்சாலை மூடியபோது ஏராளமான வண்டிகள் ராத்திரி முழுக்க நகர முடியாமல் நின்றன. அதற்குப் பிறகு என்னிடம் வயரிங் வேலைக்கு வருகிற டிரைவர்கள் எல்லோரும் ஹீட்டரைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

இதில் சொல்வதெல்லாம் 1980கள், 90களில் வந்த, கம்ப்யூட்டர் இல்லாத 24 வோல்ட் லாரிகளுக்கு. பழைய பக்கிக்கும் (சின்ன பிக்கப் வண்டி) முறை இதேதான், 24 என்று சொல்கிற இடத்தில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டர் வேலை செய்யவில்லை அண்ணா. கரண்ட் கோளாறா, தண்ணீர்க் கோளாறா, எப்படிக் கண்டுபிடிப்பது?

காற்று வருகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த வண்டிகளில் சூடு வருவது இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரிலிருந்து. அந்தத் தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர் வழியாகப் போகிறது, அதன் மேல் ஃபேன் காற்றை ஊதுகிறது. கரண்டுக்கு இங்கே இருக்கும் வேலை ஊதுவது மட்டும்தான். காற்று நன்றாக வந்து அது சில்லென்று இருந்தால் வயரை நோண்டாதீர்கள். இன்ஜின் சூடான பிறகு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும், ஓடுகிற பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கை படாமல், தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று சூடு ஒன்று குளிர் என்றால் ஹீட்டர் குழாய் திறக்கவில்லை அல்லது உள்ளே அடைப்பு. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டிருக்கலாம், தண்ணீரும் குறைந்திருக்கலாம். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது.

காற்றே வரவில்லை, குறைவாக வருகிறது, விட்டு விட்டு வருகிறது என்றால் கீழே படியுங்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்? பெரிய மெஷின் எல்லாம் என்னிடம் இல்லை.

தேவையும் இல்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், உப்புத்தாள், சரியான ஆம்ப் ஃபியூஸ் நான்கைந்து, அவ்வளவுதான். டெஸ்ட் லாம்பைக் கடையில் வாங்குவதைவிட 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு நீள வயர் சால்டர் செய்து நீங்களே செய்துகொள்வது நல்லது. ஏன் அவ்வளவு பெரிய பல்பு என்பது கொஞ்சம் கீழே புரியும்.

வயரை வெட்டவோ பிளக்கைக் கழற்றி மாற்றவோ போகிறீர்கள் என்றால் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் முழு பேட்டரியும் அந்த ஸ்பேனர் வழியாக ஷார்ட் ஆகும். மோதிரம், இரும்பு வாட்ச் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஃபேன் கொஞ்சமும் சுற்றவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஃபியூஸிலிருந்து. பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் கழற்றிப் பாருங்கள், ஏனென்றால் டர்பன் உப்புக்காற்றில் நிற்கிற வண்டியில் ஃபியூஸ் நல்லதாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கும் கிளிப் பச்சை பூத்துப் போயிருக்கும். பழைய ஜெர்மன் வண்டிகளில் வரும் கூர்முனை பீங்கான் ஃபியூஸை அதன் இடத்திலேயே விரலால் நாலு தடவை திருகிவிட்டாலே ஃபேன் ஓட ஆரம்பிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படி ஓடினால் கிளிப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் மறுபடி நிற்கும்.

ஃபியூஸ் சரி என்றால் அடுத்து நேராக மோட்டாருக்குப் போங்கள், நடுவில் இருப்பதை விட்டுவிடுங்கள். மோட்டார் பிளக்கைக் கழற்றி, சாவி போட்டு, ஃபேன் சுவிட்சை உச்சத்தில் வைத்து, வண்டிப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு வயருக்கும் நடுவில் டெஸ்ட் லாம்பை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் கரண்ட் வருகிறது, கோளாறு மோட்டாரில். எரியவில்லை என்றால் லாம்பின் ஒரு வயரைக் கரண்ட் வரும் வயரில் வைத்து இன்னொன்றை நல்ல இரும்பில், பெயின்ட் இல்லாத இடத்தில், வையுங்கள். இப்போது எரிந்தால் எர்த் பக்கம், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, அறுந்திருக்கிறது. இதற்கும் எரியவில்லை என்றால் சுவிட்ச், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் பெட்டி), அங்கே வரும் வயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீட்டர் வைத்தால் 24 வோல்ட் காட்டுகிறது, ஆனால் ஃபேன் ஓடவில்லை. மோட்டார் செத்துவிட்டது, அப்படித்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த நம்பிக்கையால்தான் நல்ல மோட்டார்கள் நிறைய குப்பைக்குப் போகின்றன. மீட்டர் எடுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு, அதனால் வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். மோட்டார் கேட்பதோ ஏழெட்டு ஆம்ப். அந்த ஒற்றை இழையால் அதைத் தர முடியாது.

போன குளிர்காலத்தில் டோங்காட்டிலிருந்து ஒரு பழைய ஜப்பான் லாரி வந்தது. பிளக்கில் மீட்டர் 24.6 காட்டியது. பிளக்கை மாட்டிவிட்டு அதன் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி அளந்தேன், 3 வோல்ட்டுக்கு விழுந்துவிட்டது. வயரை விரலால் தடவிக்கொண்டே போனபோது டேஷ்போர்டுக்குக் கீழே ஓர் இடம் கூழ் மாதிரி மெத்தென்று இருந்தது. பிளாஸ்டிக்கைக் கீறினேன், உள்ளே செம்பே இல்லை, பச்சைப் பொடி உதிர்ந்தது. யாரோ முன்பு ஊசியால் குத்திச் சோதித்த சின்ன ஓட்டை அது, அந்த வழியாக ஈரம் போயிருக்கிறது. ஒரு சாண் வயரை மாற்றியதும் ஃபேன் ஓடியது. அதனால்தான் 21 வாட் பல்பு என்றேன்: அது கிட்டத்தட்ட ஒரு ஆம்ப் இழுக்கும், பலவீனமான வயரில் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும்.

மீட்டரால்தான் செய்வேன் என்றால் ஃபேன் சுவிட்ச் போட்ட நிலையில் பேட்டரி பாசிட்டிவுக்கும் மோட்டாரின் பாசிட்டிவ் வயருக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ கரண்ட் தடைபடுகிறது. சுவிட்சைத் தாண்டி, ரிலேயைத் தாண்டி என்று ஒவ்வோர் இடமாக அளந்தால் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். இதை உச்ச ஸ்பீடில் வைத்து மட்டும் செய்யுங்கள், கீழ் ஸ்பீடுகளில் ரெசிஸ்டர் வேண்டுமென்றே வோல்ட்டைக் குறைக்கும்.

கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது. 1, 2 போட்டால் ஒன்றும் இல்லை.

ரெசிஸ்டர் போய்விட்டது, கிட்டத்தட்ட நிச்சயம். கீழ் ஸ்பீடுகள் அந்த ரெசிஸ்டர் சுருள் வழியாகப் போகின்றன, கடைசி ஸ்பீடு அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. ஹீட்டர் பெட்டியின் மேல் இரண்டு ஸ்குரூவில் ஒரு சின்னத் தட்டு இருக்கும், மூன்று அல்லது நான்கு வயர் போகும். கழற்றினால் சுருள் அறுந்திருப்பது கண்ணுக்கே தெரியும், அல்லது அதோடு சேர்ந்திருக்கும் சூட்டு ஃபியூஸ் போயிருக்கும். அந்தச் சூட்டு ஃபியூஸை வயரால் இணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், காற்று நின்றுபோனால் அந்தச் சுருள் சிவக்கச் சிவக்கச் சுடும், பக்கத்திலேயே பிளாஸ்டிக் பெட்டி.

புது ரெசிஸ்டர் போட்டேன். இரண்டு மாதம்கூட ஓடவில்லை, மறுபடி எரிந்துவிட்டது. மட்டமான சாமானா?

சாமானைக் குறை சொல்வதற்கு முன் மோட்டாரைப் பாருங்கள். ரெசிஸ்டரைக் காற்று போகும் பாதையில் வைத்திருப்பதே அந்தக் காற்றால் அது ஆற வேண்டும் என்பதற்காக. காய்ந்த இலை, எலி கொண்டுவந்த கூளம், கரும்புத் தோட்டத்துச் சாம்பல் எல்லாம் உள்ளே அடைந்து காற்று குறைந்தால் அது ஆறாது. அப்புறம், மோட்டார் தண்டு சுழலும் புஷ் காய்ந்து கனமாகச் சுற்றினால் அது அதிக கரண்ட் இழுக்கும், கரண்ட் இரண்டு மடங்கானால் ரெசிஸ்டரில் சூடு நான்கு மடங்காகும். ஃபேனைக் கையால் சுழற்றி விடுங்கள். நாலைந்து சுற்று தானாக ஓட வேண்டும். விட்ட இடத்திலேயே நின்றால் எத்தனை ரெசிஸ்டர் போட்டாலும் எரியும்.

எனக்கு நேர் எதிர் அண்ணே. கீழ் ஸ்பீடு எல்லாம் ஓடுகிறது, உச்சம் மட்டும் இல்லை.

அப்படியானால் ரெசிஸ்டர் நன்றாக இருக்கிறது. சுவிட்சின் கடைசி முனை தேய்ந்திருக்கும், அல்லது உச்ச ஸ்பீடுக்கென்று தனி ரிலே, தனி ஃபியூஸ் இருக்கிற வண்டி உங்களுடையது. ரிலே என்றால் ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், இரண்டும் 24 வோல்ட்தானா, கால்கள் ஒரே வரிசைதானா என்று மேலே அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு.

ஃபியூஸ் போட்டால் எரிந்துவிடுகிறது. எத்தனை போட்டாலும் இதே கதை.

எப்போது எரிகிறது என்று கவனியுங்கள். போட்ட நொடியே எரிந்தால் எங்கோ வயர் இரும்பில் படுகிறது. பத்து நிமிடம் ஓடிவிட்டு எரிந்தால் பெரும்பாலும் மோட்டார் கனமாகச் சுற்றுகிறது, ரெசிஸ்டர் கேள்விக்குச் சொன்ன கைச் சோதனையைச் செய்யுங்கள்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்க ஃபியூஸை எரித்துக்கொண்டே இருக்க வேண்டாம். மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் அந்த 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும், ஒரு ஆம்ப்புக்கு மேல் போகாது என்பதால் எதுவும் கருகாது. இப்போது வயரை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தை அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான். கேபின் சாய்க்கும் வண்டிகளில் அந்தக் கீல் பக்கம் முதலில் பாருங்கள், வருடக்கணக்காக மடங்கி மடங்கி வயர் தோல் உரிந்திருக்கும். அடுத்த இடம், வயர் தகரத்தைத் துளைத்துப் போகுமிடத்தில் ரப்பர் வளையம் உதிர்ந்துபோன ஓட்டை.

10 ஆம்ப் எரிகிறது, 20 போட்டால் நிற்கிறது. இப்படியே ஓட்டலாமா அங்கிள்?

கூடாது தம்பி. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. 20 நிற்கிறது என்றால் இப்போது வயர்தான் ஃபியூஸ் வேலையைச் செய்கிறது, அது டேஷ்போர்டுக்குள்ளே பழைய ஸ்பாஞ்சுக்கும் தூசிக்கும் நடுவில் ஓடுகிறது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸும் இதே கணக்குத்தான். கணவாயின் நடுவில் கேபினில் புகை வந்தால் நாற்பது டன் சுமையோடு எங்கே ஒதுங்குவீர்கள்? முந்தைய பதிலில் சொன்னதைச் செய்து காரணத்தைப் பிடியுங்கள், அதுவரை ஃபியூஸைக் கழற்றியே வைத்திருங்கள்.

சுவிட்ச் பின்னால் பிளக் உருகிப்போயிருக்கிறது. சுவிட்சை மாற்றினால் போதுமா?

போதாது, பிளக்கையும் மாற்ற வேண்டும். உருக வைத்தது தளர்ந்த டெர்மினல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தளர்ந்த பிடியில் 0.1 ஓம் தடை இருக்கிறது, பக்கியில் 16 ஆம்ப் போகிறது என்றால் அந்த ஒரு புள்ளியில் 25 வாட் சூடு. அது ஒரு சின்ன சால்டரிங் அயனின் சூடு. 24 வோல்ட்டில் பாதி ஆம்ப்தான் என்பதால் சூடு கால்பங்காகக் குறையும், ஆனாலும் பழைய பிளாஸ்டிக்குக்கு அதுவே போதும்.

வயரை வெட்டிப் பாருங்கள், செம்பு கருத்திருந்தால் பளபளப்பு தெரியும்வரை இன்னும் வெட்டுங்கள். புது டெர்மினலை அதற்குரிய கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள், பல்லால் கடித்ததும் குறடால் நசுக்கியதும் மறுபடி தளரும். கருத்த செம்பின் மேல் புது டெர்மினல் போட்டால் புது சுவிட்சும் அடுத்த வருடம் உருகும்.

ரோட்டில் குழி வந்தால் ஓடுகிறது, அப்புறம் தானாக நிற்கிறது. டேஷ்போர்டைத் தட்டினாலும் ஓடும்.

இரண்டில் ஒன்று: மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ பிளக் தளர்ந்திருக்கிறது. வயரைத் தொடாமல் ஸ்குரூ டிரைவர் பிடியால் மோட்டார் உடம்பை மட்டும் தட்டுங்கள். ஓடினால் பிரஷ். தட்டியும் அசையாமல், வயரை ஆட்டும்போது ஓடினால் பிளக்.

பிரஷ் மாற்றுவது பயப்படும்படியான வேலை இல்லை. ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் அதே அளவு இல்லாவிட்டால் கொஞ்சம் பெரியது வாங்கி உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம், துளைக்குள் தடையில்லாமல் சறுக்கினால் போதும். பிரஷ் உரசுகிற செம்பு உருளையை நைசான உப்புத்தாளால் லேசாகத் துடையுங்கள், எமரி தாள் வேண்டாம், அதன் துகள் கரண்டைக் கடத்தும். செம்புப் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் காடிகளில் கரித்தூள் அடைந்திருந்தால் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள்.

ஃபேன் போட்டதும் டேஷ்போர்டு லைட் மங்குகிறது, முள்ளெல்லாம் ஆடுகிறது. ஆல்டர்னேட்டர் போகிறதா?

ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் கேபின் எர்த்தைப் பாருங்கள். கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்டைக் கடத்தாது, அதனால் கேபினிலிருந்து சேஸிஸுக்கு ஒரு பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். அது அறுந்தால் ஃபேன், லைட், முள் எல்லாம் இருக்கிற வேறு ஏதோ ஒரு மெல்லிய வயர் வழியாகத் திரும்பப் போகப் பார்க்கும், ஒன்றைப் போட்டால் மற்றது தடுமாறும்.

ஃபேன், ஹெட்லைட் எல்லாம் போட்டுவிட்டு பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் கேபின் இரும்புக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்றால் பட்டையின் இரண்டு முனையையும் கழற்றி, இரும்பு வெளுக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் ஹீட்டர் கோளாறு என்று வந்தவற்றில் மோட்டார் மாற்றியதைவிட எர்த் தேய்த்ததுதான் அதிகம்.

மோட்டார் பிளக்கின் இரண்டு வயரிலும் 24 வோல்ட் காட்டுகிறது! இது எப்படி?

ஜப்பான் வண்டியாக இருக்கும். அவற்றில் பலவற்றில் சாவி போட்டதும் மோட்டாருக்கு பாசிட்டிவ் வந்துவிடும், ஃபேன் சுவிட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கத்தில் இருக்கும். பிளக் மாட்டியிருக்க, இரண்டு வயரிலும் 24 என்றால் மோட்டார் வழியாக வோல்ட் வந்துவிட்டது, திரும்பிப் போக வழி இல்லை என்று அர்த்தம். மோட்டாரைத் தாண்டிய பக்கத்தில் தேடுங்கள்: ரெசிஸ்டர், சுவிட்ச், சுவிட்சின் எர்த் வயர். பாசிட்டிவ் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. சுவிட்ச் ஆஃப் நிலையில் இப்படிக் காட்டினால் அது கோளாறே இல்லை.

வேறு மோட்டார் வாங்கிப் போட்டேன். சத்தம் வருகிறது, காற்று மட்டும் பாதிதான் வருகிறது.

தலைகீழாகச் சுற்றுகிறது. அணில் கூண்டு மாதிரி இருக்கும் இந்த ஃபேன் எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை அதே வாய் வழியாகத்தான் தள்ளும், தவறான பக்கம் சுற்றினால் பலம் குறையும், அவ்வளவுதான். அதனால் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை. காந்தம் வைத்த மோட்டாராக இருந்தால் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் மோட்டார் உடம்பே எர்த்தாக இருக்கும் ரகமா என்று முதலில் பாருங்கள், ஒரே ஒரு வயர் மட்டும் போகிறது என்றால் அந்த ரகம், அதை மாற்றிப் போட்டால் உடம்புக்கு பாசிட்டிவ் போய் ஷார்ட் ஆகும்.

மோட்டார் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும் படியுங்கள். 24 வோல்ட் மோட்டாரை பக்கியில் போட்டால் சோர்ந்து சுற்றும். 12 வோல்ட் மோட்டாரை லாரியில் போட்டால் முதல் நாள் பிரமாதமாக ஊதும், அப்புறம் கருகும்.

ரேடியோவுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருக்கிறேன். ஹீட்டருக்கு 12 வோல்ட் ஃபேன் போட்டு அதிலேயே கொடுத்துவிடலாமா?

வேண்டாம், ரேடியோவையே மாற்றச் சொல்வேன். இரண்டு பேட்டரியும் ஒரே சங்கிலியில் சார்ஜ் ஆகின்றன. ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அது எப்போதும் பசியோடு இருக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகித் தண்ணீர் கொதித்து வற்றும், கடைசியில் இரண்டுமே போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் போடுங்கள், ஃபேன் எடுக்கும் ஆம்ப்பைத் தாங்கும் அளவில்.

ராத்திரி படுக்கும்போது ஓடும் டீசல் ஹீட்டர் ஸ்டார்ட் ஆகப் பார்க்கிறது, நின்றுவிடுகிறது.

இது தண்ணீர் ஹீட்டரிலிருந்து வேறு சாதனம், இன்ஜின் ஓடாமலே டீசலை எரித்துச் சூடு தரும். ஆரம்பத்தில் டீசலைப் பற்றவைக்கும் அதன் குளோ பின் நிறைய கரண்ட் கேட்கும், அந்த நேரத்தில் வோல்ட் குறைந்தால் தானாக நின்றுகொள்ளும். அதனால் முதலில் பேட்டரி, பிறகு ஹீட்டர் பிளக்கில் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்ட், அதாவது மேலே டோங்காட் லாரியில் செய்த மாதிரி பிளக்கை மாட்டியபடியே அளக்கும் சோதனை. டீசல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கிறதா என்றும் கேளுங்கள், அடிக்கவில்லை என்றால் அதன் வயர்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். ஹீட்டரை அதன் பொத்தானில் நிறுத்தினால் சில நிமிடம் ஃபேன் தொடர்ந்து ஓடி உள்ளே ஆற வைக்கும், அதை வெட்டினால் உள்பாகம் சூட்டில் கெடும். புகைக்குழாய் விரிசல் இல்லாமல் கேபினுக்கு வெளியே போகிறதா என்று குளிர்காலம் தொடங்கும் முன்பே கீழே படுத்துப் பாருங்கள்.

ஹீட்டர் சரியாகும்வரை கேபினுக்குள் இம்பாவுலா கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா? கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

வேண்டவே வேண்டாம். கரி அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலை கனப்பது தூக்கம் மாதிரியே இருக்கும், தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். இந்த நாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதனால் உயிர் போகிறது. கதவு கொஞ்சம் திறந்திருப்பது காப்பாற்றாது. இரண்டு கனமான போர்வை எடுத்துப் போங்கள், ஹீட்டர் இல்லாத வண்டியோடு ராத்திரியில் கணவாய் ஏறாதீர்கள், லேடிஸ்மித் பக்கம் கீழேயே நிறுத்தித் தூங்கிவிட்டு வெயில் வந்த பிறகு கிளம்புங்கள்.